தலைகீழாப் பறந்த பட்டுச்சேலை

ஏனுங் தம்பி, கோவிச்சுக்காதீங்க, அந்த முட்டிய மட்டும் சித்த அக்கட்ட நகத்திக்குங்க. போதும் போதும். றெக்கையில இடிக்குது. உங்களக் குறை சொல்லலீங்க, சீட்டோட அளவு அப்படி. மூணு பேர் உக்கார்ற சீட்டுல நாலாவது ஆளா இது உக்காந்திருக்குது. அதுக்கும் சேத்து லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டுப் போறாரு கண்டக்டரு. கதவான்னு கேட்டாரே, காதுல விழுந்துச்சா? பட்டுத்துணி போத்துன கதவ எந்த ஊட்டுல மாட்டுவாங்க?

ஏரோப்ளேன் றெக்கைங்க இது. பொம்மைன்னு மட்டும் சொல்லிராதீங்க. பொம்மைன்னு சொன்ன பக்கத்து ஊட்டுக்காரரோட எனக்கு இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. மாடல். எஞ்சின் வெச்சது. மெய்யாலுமே பறக்கும்.

உடம்பு எங்கயா? அந்தா, முன்னாடி பொம்பளைங்க சீட்டுல ஜன்னலோரமா, கொழந்தையப் போத்தி மடியில வெச்சிருக்கற மாதிரி ஒரு அம்மா உக்காந்திருக்குதுல்ல, பச்சைச் சேலை? அதான் என் சம்சாரம் துளசிமணி. அவ மடியில துண்டுக்குள்ள இருக்கறது உடம்பு. ஒண்ணா உக்காரலியான்னு பாக்கறீங்களா? சண்டைங்க. நான் அவகிட்டப் பேசறதில்லை. சேலத்துல பஸ் ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை பேசலை. டீ வேணுமான்னு சைகையில கேட்டா, வேணும்னு சைகையில சொன்னேன். சக்கரை கம்மின்னும் சொன்னேன். அதோட சரி.

நீங்க கோயமுத்தூரா? காந்திபுரமா? ரொம்ப நல்லதாப் போச்சு. நாங்க ஹோப் காலேஜ் ஸ்டாப்புல எறங்கோணும். அதுக்குள்ள முழுசாச் சொல்லிரலாம். நீங்களே கேட்டுப்போட்டு நாயத்தச் சொல்லுங்க. நாயம் என் பக்கம்தான், இருந்தாலும் வெளியாளு ஒருத்தர் வாயால வந்தா நல்லா இருக்கும்.

என் பேரு மருதாசலம். பீளமேட்டுல பம்புசெட்டுக் கம்பெனியில லேத்துப் பட்டறைக்குப் போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். காலேஜ் படிக்கறப்ப என்சிசி-யில ஏர் விங்கு. அங்க புடிச்ச கிறுக்கு இது. நடுவுல சம்சாரம், புள்ளை, வேலைன்னு நின்னு போச்சு. ரிட்டயர் ஆனதும் பழையபடி ஆரம்பிச்சுட்டேன். 'கிறுக்கு'ங்கறது துளசிமணி வார்த்தைங்க, என்னுது இல்லை.

இது ரிமோட்டுல பறக்கற சாதி இல்லை. கம்பி கட்டிப் பறக்கறது. றெக்கை நுனியில இருந்து ரெண்டு மெல்லிசான இரும்புக் கம்பி வந்து கைப்பிடியில மாட்டும். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. கைப்பிடிய வெச்சுட்டு நீங்க மைதானத்து நடுவுல நிக்கோணும். ப்ளேன் உங்களச் சுத்தி வட்டமாப் பறக்கும். செக்குல மாடு சுத்தறப்ப உலக்கையும் சேந்து சுத்துமே, அந்த மாதிரி நீங்களும் சேந்து சுத்தோணும். கைப்பிடிய மேல சாச்சா அது மேல போகும், கீழ சாச்சா கீழ வரும். அவ்வளவுதான் சமாச்சாரம். இத வெச்சுட்டு குட்டிக்கரணம் போடறது, எட்டுப் போடறது, மல்லாக்கப் பறக்கறது, எல்லாம் பண்ணிக் காட்டோணும். ஜட்ஜு பாத்து மார்க்குப் போடுவாரு. ஒரு தடவை கெளப்பிட்டா எண்ணெய் தீர்ற வரைக்கும் நடுவுல விட்டுட்டு வர முடியாது. யாரு கூப்புட்டாலும் சரி, ஒண்ணுக்கே வந்தாலும் சரி, சுத்தித்தான் ஆகோணும்.

அதுலயும் நான் செய்யறது பழைய மாடல். அந்தக் காலத்து வரைபடம். பால்சான்னு பஞ்சு மாதிரி ஒரு கட்டை, அத எலும்பு எலும்பாச் சீவி ஒட்டி, மேல பட்டுத்துணி போத்தி, டோப்புன்னு ஒரு வார்னிஷ் அடிக்கோணும். இப்பத்த ஆளுங்க பிளாஸ்டிக் தாள வெச்சு இஸ்திரிப் பொட்டியில தேச்சுட்டுப் போயிர்றாங்க. பழைய மாடல் போட்டியில அது செல்லாது. பழசுக்குத்தான் பரிசு. "அப்ப உங்களையே கொண்டுபோய் நிறுத்தீட்டா போதுமே"ன்னு துளசிமணி கேட்டா. வாய் அவளுக்கு.

எண்ணெய் என்ன தெரியுமுங்களா? ஸ்பிரிட்டுல வெளக்கெண்ணெயக் கலக்கோணும். மெய்யாலுமே நம்ம வெளக்கெண்ணெய்தான். அது இல்லைன்னா எஞ்சின் சூடேறி இறுகிப் போயிரும். டின்னு டின்னா வாங்குவேன். நாட்டு மருந்துக் கடைக்காரரு ஒரு நாள் கல்லாவ விட்டு எந்திரிச்சு வந்து, குரலத் தாழ்த்தி, "ஏனுங்க, ஊட்டுல இன்னும் ஒருத்தருக்கும் சரியாகலீங்களா?"ன்னு கேட்டாரு. நான் எஞ்சினுக்குன்னு சொன்னேன். "எல்லாருக்கும் எஞ்சின்தானுங்களே"ன்னு சொல்லி, கடுக்காய்ப் பொடி ஒரு பொட்டலம் சும்மாவே குடுத்தனுப்புனாரு.

சரி, விசயத்துக்கு வர்றேன். இந்தத் துணியப் பாருங்க. அரக்குக் கலரு. இந்த நுனியில ஜரிகை தெரியுதா? தொட்டுப் பாக்கலாம், அழுத்தாதீங்க. ஆமாங்க, சேலைதான். துளசிமணியோட பட்டுச்சேலை. அவங்கண்ணன் தலைத் தீவாளிக்கு எடுத்துக் குடுத்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? பீரோவுல அடியில தூங்கிட்டுக் கெடந்துச்சு. அவ கட்டி நான் பாத்தே பல வருசம் ஆச்சு. நல்ல மெல்லிசுப் பட்டு, இந்த மாதிரி நெசவு இப்ப வர்றதில்லை. வீணாப் போகுதேன்னு நல்லெண்ணத்துல எடுத்து வெட்டுனேன். கேட்டுட்டு வெட்டியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறீங்க. கேட்டா தர மாட்டான்னு தெரியுமே, அப்பறம் எதுக்குக் கேக்கறது?

அன்னைல இருந்து பேச்சு நின்னு போச்சு. சோறு வரும், கொழம்பு வரும், ஆளு வராது. நான் பாட்டுக்கு ரூமுக்குள்ள ஒக்காந்து றெக்கைக்குத் துணி ஒட்டிட்டு இருந்தேன். அது ஒரு பக்கம் இழுத்தா மறு பக்கம் சுருங்குது. ஒரு நாள் கதவுகிட்ட வந்து நின்னு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் உள்ள வந்து, "தள்ளுங்க"ன்னா. தையல்காரிங்க அவ, அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாக்கெட் தெச்சுக் குடுக்கறவ. துணியில சுருக்கம் இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது. நான் ஒட்டுனத எல்லாம் ஈரம் பண்ணிப் பிச்சு எடுத்துட்டு, முதல்ல இருந்து இழுத்து, குண்டூசி குத்தி, ஒட்டி முடிச்சா. பாருங்க, ஒரு மடிப்பு இருக்குதா? மேற்பார்வை நான்தான்.

ஜரிகை விசயம் மட்டும் என் மூளை. கம்பி ஒரு பக்கம் இழுக்கறதுனால எதிர்ப்பக்க றெக்கை நுனியில கொஞ்சம் கனம் வேணும். எல்லாரும் ஈயத்துண்டு வெப்பாங்க. நான் ஜரிகைக் கரைய அந்தப் பக்கம் வர்ற மாதிரி வெச்சேன். கனத்துக்குக் கனமும் ஆச்சு, அழகுக்கு அழகும் ஆச்சு. அவளே ஒரு நிமிசம் சிரிச்சுட்டா. அப்பறம் சிரிச்சது ஞாபகம் வந்து மூஞ்சிய மாத்திக்கிட்டா.

ஒட்டி முடிச்சுட்டு ஒரு நிபந்தனை போட்டா. "சேலை போனது போச்சு. ஆனா இது மண்ணுல குத்தி ஒடைஞ்சுதுன்னா, அதோட இந்த வேலை முடிஞ்சுது. கட்டை, கத்தி, எண்ணெ டின்னு எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போகும். என் மிஷின் இந்த ரூமுக்கு வரும். மருதமலை மேல சத்தியம் பண்ணுங்க" அப்படீன்னா. அவ தையல் மிஷினு அடுப்படியில கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்குதுங்க. ரூமுல எடமில்லை, றெக்கை காயோணுமில்ல. தாளிக்கறப்ப ஜாக்கெட்டு மேல கடுகு தெறிக்குதுன்னு ஒரே பொலம்பல். நானும் ரோசத்துல சத்தியம் பண்ணிட்டேன். முருகன் பேரையே வெச்சுட்டு இருக்கறவன், அந்த மலை மேல பண்ணுன சத்தியத்த மீற முடியுமுங்களா? அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை. இந்த ப்ளேன் போச்சுன்னா நான் காலையில எந்திரிச்சு என்னத்தப் பண்ணுவேன்? பேப்பர் படிப்பேன். அப்பறம்? அதையே மறுக்காப் படிப்பேன். நெனைக்கவே பயமா இருந்துச்சுங்க.

இதுக்கு முன்னாடி செஞ்ச ப்ளேனெல்லாம் என்னாச்சா? அது எதுக்கு இப்ப. சரி, கேட்டுட்டீங்க. கெளம்பும், ஓடும், நேரா மூக்கால மண்ணுல குத்தும். எல்லா நாளும் இல்லை. சில நாள் சூப்பராப் பறக்கும், சில நாள் குத்தும். என்ன காரணம்? காத்துங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. அது எங்கூருக்கே ஒரு சாபம். ஒரு நாள் இலை கூட அசையலை, அன்னைக்கும் குத்துச்சு. காத்து வரும்னு எதிர்பாத்துப் புடிச்சதுல, வராதப்பக் குத்திருச்சு. அதுவும் காத்தோட தப்புதானே?

துளசிமணி வேற காரணம் சொல்லுவா. கைப்பிடியாம். ஏனுங், அந்தக் கைப்பிடிய என் கையால லேத்துல கடைஞ்சிருக்கேன். தேக்கு. மேலயும் கீழயும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது, அப்படிக் கடைஞ்சது. மத்தவங்க கைப்பிடியெல்லாம் கோணல்மாணலா இருக்கும், எது மேல்ப்பக்கம்னு தெரியறதுக்குச் செவப்புப் பெயிண்ட்ட அப்பி வெச்சிருப்பாங்க. போர்மேனுக்கு எதுக்குப் பெயிண்டு? தலைகீழாப் புடிச்சா மேலன்னு சாய்க்கறது கீழயாப் போயிருமாம். அது சின்னக் கொழந்தைக்கும் தெரியுமே. தலைகீழா எவன் புடிப்பான்?

பறக்க விடறதுக்கு முன்னாடி எல்லாரும் கைப்பிடிய ஆட்டி, அந்தக் கோடியில ப்ளேனோட வாலு சரியா ஆடுதான்னு பாப்பாங்க. நானும் ஆட்டுவேன். வாலு ஆடும். எந்தப் பக்கம் ஆடுதுன்னு அறுபதடி தூரத்துல இருந்து பாக்கறதுக்குக் கண்ணாடி போடோணும்னு துளசிமணி சொல்லுவா. எனக்கு எதுக்குக் கண்ணாடி? அந்தா வர்ற போர்டு தெளிவாத் தெரியுது பாருங்க, சங்ககிரி. என்னது, பெருந்துறையா? பஸ் வேகமாப் போகுதுங்க.

போன ஆயுத பூசைக்கு லேத்து, கத்தி, சுத்தி, எஞ்சின் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். கைப்பிடிக்கும் ஒரு பொட்டு வெச்சா. ஒரே ஒரு பக்கம். பூசை முடிஞ்சும் அத அழிக்க விடலை. எண்ணெய்க் கையி பட்டு அழிஞ்சாலும் மறுக்கா வெச்சிருவா. "பொட்டு மேல வர்ற மாதிரி புடிங்க" அப்படீன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. சாமி சமாச்சாரம், பொம்பளை மனசு நோகக் கூடாதுன்னு நானும் அப்படியே புடிச்சேன். அந்த சீசன் பூரா ஒரு தடவை கூடக் குத்தலீங்க! குட்டிக்கரணம் என்ன, எட்டு என்ன, மல்லாக்கப் பறக்கறது என்ன, எல்லாம் படிஞ்சு வந்துருச்சு. எப்படீன்னு கேளுங்க. வெளக்கெண்ணெய் அளவ ஒரு சொட்டு கூட்டியிருந்தேன். அதுதான் சூட்சுமம். யார்கிட்டயும் சொல்லீராதீங்க.

இப்ப போட்டிக்கு வருவோம். சேலத்துல ஒரு காலேஜ் மைதானம். ஜட்ஜு ரிட்டயர்டு விங் கமாண்டர், மீசைய முறுக்கி விட்டுட்டு நிக்கறாரு. போட்டியில எனக்குச் சரியான ஆளுன்னா அது வெள்ளிங்கிரி. என் மச்சான்தான், துளசிமணியோட அண்ணன். அவரும் இதே கிறுக்கு. அதாவது, இதே கலை. வருசா வருசம் கப்ப அவருதான் தூக்கிட்டுப் போவாரு. எங்கள அவரோட கார்லதான் கூட்டிட்டு வந்தாரு. வர்ற வழியெல்லாம், "மாப்ள, இந்த வருசம் றெக்கை நல்லாப் பளபளன்னு இருக்குதே, எங்கயோ பாத்த துணியாட்ட இருக்குதே"ன்னு கேட்டுட்டே வர்றாரு. பின்சீட்டுல துளசிமணி ஜன்னலப் பாத்துட்டு வந்தா. நான் தூங்கற மாதிரி வந்தேன்.

என் முறை வந்துச்சு. ப்ளேனத் துளசிமணிதான் புடிச்சு விடுவா, எப்பவும் அவதான். அவ அந்தக் கோடிக்குப் போயிட்டா. நான் நடுவுல வந்து கைப்பிடிய எடுத்தேன். பாத்தா, பொட்டு. விங் கமாண்டர் பாத்துட்டு இருக்கறாரு. மெய்யான போர் விமானம் ஓட்டுன மனுசன். அவரு முன்னாடி குங்குமம் வெச்ச கைப்பிடியோட நிக்கறதா? விஞ்ஞானத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வேட்டி நுனியில எச்சியத் தொட்டு நல்லாத் தொடச்சேன். தேக்கு பளிச்சுன்னு ஆயிருச்சு. மேலயும் கீழயும் ஒண்ணு போல. ஒரு சுத்துச் சுத்திப் பாத்து ரசிச்சேன். அப்பறம் புடிச்சேன்.

அந்தக் கோடியில இருந்து அவ கைய ஆட்டி என்னமோ கத்துனா. எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. வாழ்த்துச் சொல்றாளாட்ட இருக்குதுன்னு நானும் கைய ஆட்டுனேன். விட்டுட்டா.

ஓடுச்சு. எழும்புச்சு. மட்டத்துக்குக் கொண்டு வரலாம்னு கைப்பிடிய லேசாக் கீழ சாச்சேன். அது மேல போச்சு. என்னடா இதுன்னு இன்னுங் கொஞ்சம் கீழ சாச்சேன். இன்னும் மேல போயி, அப்படியே மல்லாந்து, வயித்த வானத்துக்குக் காட்டிட்டு எதிர்ப்பக்கமாப் பறக்க ஆரம்பிச்சிருச்சு. பாலக்காட்டுக் காத்து சேலம் வரைக்கும் வரும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

ஆனா மல்லாந்த பொறவு பாருங்க, சொன்ன பேச்சுக் கேட்டுச்சு! மேலன்னா மேல போகுது, கீழன்னா கீழ வருது. அளவெடுத்து வெச்ச மாதிரி மட்டமாப் பறக்குது. ரெண்டு சுத்துத்தான் மல்லாக்கப் பறக்கோணும்னு விதி. நான் சுத்துறேன், சுத்துறேன், சுத்திட்டே இருக்கறேன். கூட்டம் கைதட்டுது. ஜட்ஜு பேனாவக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. வெள்ளிங்கிரி மச்சான் வாயப் பொளந்துட்டு நிக்கறாரு. அந்த வாயி இருக்குதே, அதப் பாக்கறதுக்கு நான் எத்தனை வருசம் காத்திருந்தேன்! நடுவுல ஒரு தடவை நிமுத்திப் பாத்தேன், நிமுந்ததும் அது நேரா மண்ணப் பாத்து வந்துச்சு. சரி வேண்டாம்னு மறுக்கா மல்லாக்கவே போட்டுட்டேன். உனக்கு அதுதான் புடிக்குதுன்னா அப்படியே பற சாமின்னு விட்டுட்டேன்.

அப்பத்தானுங்க அந்த அநியாயம் நடந்துச்சு.

துளசிமணி சேலைய இழுத்துச் சொருகிட்டு, கம்பிக்கு அடியில குனிஞ்சு, வட்டத்துக்குள்ள ஓடி வர்றா! போட்டி நடக்கறப்ப! விங் கமாண்டர் பாத்துட்டு இருக்கறப்ப!

"நீ எதுக்கு வந்தே? வெளிய போ புள்ளை!" அப்படீங்கறேன் நான், சுத்திட்டே.

"கைப்பிடியத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" அப்படீங்கறா அவ, எங்கூடவே சுத்திட்டு.

"யாரு? நானா?"

"எண்ணெ தீரப் போகுது. எஞ்சின் சத்தம் மாறிருச்சு, கேக்கலையா? மல்லாக்கவா எறங்குவீங்க?"

"அத நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்த லட்சணத்தத்தான் இத்தன வருசமாப் பெருக்கி அள்ளிட்டு இருக்கறேன். விடுங்க கைய!"

விட முடியுமுங்களா? ரெண்டு பேரும் சுத்தறோம், ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியப் புடிச்சுட்டு. அவ என் மணிக்கட்டப் புடிச்சு வெடுக்குன்னு மேல இழுத்தா. ப்ளேன் மேல போயி நிமுந்துச்சு. நிமுந்த நொடியில கைப்பிடிய என் கையில இருந்து புடுங்கி, மேல்ப்பக்கத்தக் கீழ்ப்பக்கமாத் திருப்பிட்டா. அப்பறம் அது சாதுவாப் பறந்துச்சு. எஞ்சின் நின்னுச்சு. கம்பி தளந்துராம பின்னாடி ரெண்டு எட்டு வெச்சா, நானும் வெச்சேன், வேற வழியில்லை. கொக்கு வயலுல எறங்கற மாதிரி சக்கரம் ரெண்டும் மண்ணத் தொட்டு, உருண்டு போய் நின்னுச்சு. ஒரு கீறல் இல்லை. நீங்களே பாருங்க. ஒரு கீறல் இல்லை.

அவளுக்கு எப்படி எறக்கத் தெரியும்னு கேக்கறீங்களா? நான் எறக்கறதப் பாத்துப் பாத்துத்தான். என் கையும் கூட இருந்துச்சுல்ல.

ப்ளேன் நின்னுருச்சு, எங்களுக்கு நிக்கலை. மைதானம் சுத்துது, கூட்டம் சுத்துது, விங் கமாண்டர் மீசையோட சேந்து சுத்தறாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சுட்டு நடு வட்டத்துல பொத்துன்னு ஒக்காந்துட்டோம். மணவறையச் சுத்தி வந்ததுக்கப்பறம் நாங்க இத்தன நெருக்கமாச் சுத்துனது இன்னைக்குத்தான். அவ நெத்தியெல்லாம் வெளக்கெண்ணெய். சிரிக்கறா. மூச்சு வாங்கி வாங்கிச் சிரிக்கறா. எனக்கும் சிரிப்பு வந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிசம் கப்பு, கிப்பு ஒண்ணும் ஞாபகமே வரலை.

அப்பறம் ஞாபகம் வந்துருச்சு. கைப்பிடிய ஒரு ஆளுதான் தொடோணும்னு விதி. ரெண்டு பேர் தொட்டதுனால என்னைப் போட்டியில இருந்தே நீக்கிட்டாங்க. கப்பு மறுக்கா வெள்ளிங்கிரிக்கு. ஜட்ஜு எங்கிட்ட வந்து, "இத்தனை நேரம் ஒருத்தர் தலைகீழாப் பறந்து நான் பாத்ததே இல்லை. அந்த அம்மா மட்டும் வரலைன்னா..." அப்படீன்னு சொல்லி, தலைய ஆட்டிட்டு, முடிக்காமயே போயிட்டாரு. முடிக்கோணும்னு என்ன இருக்குது? வரலைன்னா கப்பு உனக்குத்தான்யான்னு சொல்ல வந்திருக்கறாரு. மச்சான் முன்னாடி சொல்ல முடியலை, பாவம்.

மச்சான் கப்பக் கக்கத்துல வெச்சுட்டு றெக்கைகிட்டக் குனிஞ்சு பாத்தாரு. அந்த ஜரிகையப் பாத்துட்டே நின்னாரு. "அம்மிணி, இது நான் எடுத்துக் குடுத்த சேலையில்ல?" அப்படீன்னாரு. நான் எஞ்சினத் தொடைக்கற மாதிரி அக்கட்ட திரும்பிட்டேன். இவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "ஆமாண்ணா, நாந்தான் குடுத்தேன்"னா. பச்சைப் பொய்! கொஞ்சங்கூடக் கூசலை.

நான் அவரு கார்ல வர மாட்டேன்னு சொல்லிட்டேன். தோத்தவன் செயிச்சவன் கார்ல ஏசி போட்டுட்டுப் போறதா? றெக்கையத் தூக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். இவ சொகமா அண்ணன் கூடப் போயிருக்கலாம். போகலை. உடம்பத் தூக்கிட்டு எம் பின்னாடியே வந்துட்டா. கார் டிக்கியில அது அடங்காதாம். வர்றப்ப அடங்குச்சே? அதக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. சரி, போன்னு நானும் பேச்ச நிறுத்திட்டேன்.

இப்பச் சொல்லுங்க தம்பி. கையில இருந்த கப்பத் தட்டி விட்டவகூட ஒரு மனுசன் பேசுவானா?

என்ன? சொல்லுங்க, பரவால்லை.

அவ ஓடி வராம இருந்திருந்தா?

அட, இருந்திருந்தா எண்ணெய் தீந்து, மல்லாக்க எறங்கி... ஆமா, ஒடைஞ்சிருக்கும். றெக்கை கிழிஞ்சிருக்கும். ஒத்துக்கறேன். சத்தியப்படி எல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ரூமு அவளுக்கு வந்திருக்கும். அவ கேட்டதெல்லாம் அவளுக்குக் கெடைச்சிருக்கும், சும்மா கையக் கட்டிட்டு நின்னிருந்தாலே போதும்.

அப்பறம் எதுக்கு ஓடி வந்தாளா?

அத நான் ரோசனை பண்ணலீங்களே.

சேலைக்காக இருக்கும். ஆமா, சேலைக்காகத்தான். அண்ணன் எடுத்துக் குடுத்த சேலை மண்ணுல கிழியறதப் பாக்க மனசு வராதுல்ல. இல்லீங்களா? ஆனா நான் கத்திரி வெச்சப்பவே கிழிஞ்சதுதானே அது.

சித்த இருங்க. கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்துங்க. சாத்தித்தான் இருக்குதா? சரி.

ஒண்ணு பண்ணலாம்னு இருக்கறேன். அந்தத் தையல் மிஷின அடுப்படியில இருந்து எடுத்து ரூமுலயே போட்டரலாம். றெக்கைய ஆணியடிச்சு செவுத்துல மாட்டிக்கலாம். அவளுக்காக இல்லீங்க. அடுத்த ப்ளேனுக்குத் துணி ஒட்டறப்ப மிஷின் பக்கத்துலயே இருந்தா எனக்கு வசதி, அவ்வளவுதான். ஒரு சேலையும் எடுத்துக் குடுக்கோணும். அரக்குக் கலருல. கட்டறதுக்கு.

ஹோப் காலேஜ் வந்துருச்சா? எந்திரிக்கோணும். அங்க பாருங்க, இப்பவே எந்திரிச்சு நின்னுட்டு றெக்கை பத்திரம், றெக்கை பத்திரம்னு சைகை காட்டறா. இதா வர்றேன் துளசி! வந்துட்டேன்! ஆ, பேசிட்டேன். பரவால்லை, சைகையில சொன்னா அவளுக்கு வெளங்காது.

போறதுக்கு முன்னாடி உங்களுக்குக் கைப்பிடியக் காட்டறேன். நம்ம லேத்து வேலையப் பாத்துட்டுப் போங்க. இந்தப் பையிலதான்... அட, இதென்ன? மறுக்கா வெச்சிருக்கறா! சேலம் பஸ் ஸ்டாண்டுல நான் டிக்கெட் விசாரிக்கப் போன நேரத்துல வெச்சிருப்பா. இருங்க, தொடைச்சர்றேன். போக மாட்டேங்குதே. சுரண்டுனாலும் வரலை. டோப்புல குங்குமத்தக் கொழச்சு அடிச்சு வெச்சிருக்கறா, பாருங்க அழும்ப! இனி அது மரத்தோடதான் போகும்.

சரி, இருந்துட்டுப் போகட்டும்.

இந்தாங்க, ஒரு தடவை கையில புடிச்சுப் பாருங்க. எப்படி உக்காருது பாத்தீங்களா? ஐயோ, அப்படியில்லீங்க தம்பி! திருப்புங்க, திருப்புங்க. பொட்டு மேல வரோணும்.